ஒரே ஒரு பிரதி உள்ளவை முதலில்

(சங்கத்தின் குடும்ப நாளில் ஒலிப்பதிவுக் குழுவினர் ஆற்றிய உரை)



மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, முன்வரிசையில் பாயில் அமர்ந்து எப்போது சாப்பாடு என்று பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே!

எங்கள் மூவருக்கும் சேர்த்து இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் பேசினால் மற்ற இருவரும் குறுக்கே திருத்துவார்கள் என்பதால், மூவரும் உட்கார்ந்து எழுதியதை ஒருவர் படிக்கிறோம். எங்களில் ஒருவர் ஓய்வுபெற்ற தொழில்நுட்பர். ஒருவர் மாதர் பிரிவைச் சேர்ந்த ஆசிரியை. மூன்றாமவர் தேசிய சேவைக்குப் போகக் காத்திருக்கும் இளைஞர். இவரைப் போல் கேசட்டையே பார்த்திராத ஒருவர் குழுவில் இருந்தது நல்லதாகப் போயிற்று. அவர் கேட்ட கேள்விகளால்தான் நாங்கள் பல விஷயங்களை யோசித்தோம்.

பொன்விழா மலருக்குப் பழைய புகைப்படங்கள் வேண்டும் என்று சங்கம் கேட்டபோது இது தொடங்கியது. ஓர் உறுப்பினர், பெரியம்மா முறை என்று வைத்துக்கொள்ளுங்களேன், புகைப்படங்களோடு ஒரு பிஸ்கட் டின்னையும் கொண்டுவந்தார். உள்ளே 14 கேசட்டுகள். "எல்லாம் பாட்டுத்தான். தூக்கிப் போட மனசு வரல. உங்களுக்கு ஆகும்னா வச்சுக்கங்க" என்றார். மேலட்டைகளில் நாகூர் ஹனிபா, காயல் ஷேக் முஹம்மது, ஒன்றிரண்டில் காரி அப்துல் பாசித் அவர்களின் கிராஅத். இவை எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன, இணையத்திலும் கிடைக்கின்றன. உண்மையைச் சொன்னால், டின்னை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நாங்கள் நினைத்தோம். இளையவர்தான், "ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் கடைசிவரை ஓடவிட்டுப் பார்ப்போமே" என்றார்.

ஏழாவது கேசட்டின் இரண்டாம் பக்கத்தில், பாட்டு நடுவில் வெட்டுப்பட்டு ஓர் ஆண்குரல் வந்தது. துறைமுக வேலைக்கு வந்து கூட்டு அறையில் தங்கியிருந்த ஒருவர், ஊரில் இருக்கும் மனைவிக்குப் பேசி அனுப்பிய கடிதம் அது. பதினொரு நிமிடம். இன்னாருக்குக் கொடுக்க வேண்டிய கடனில் பாதி கொடுத்தாகிவிட்டது, மீதியை அடுத்த கப்பலில் வருகிறவரிடம் கொடுத்தனுப்புகிறேன். கிணற்றடியில் வைத்த தென்னம்பிள்ளைக்கு உப்புப் போடு. மூத்தவள் மதரஸாவுக்கு ஒழுங்காகப் போகிறாளா? நடுவில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். "இரு, பேசிக்கிட்டிருக்கேன்" என்கிறார். பிறகு கொஞ்சம் மௌனம். அப்புறம் சலாம்.

அந்த மூத்தவள்தான் டின்னைக் கொண்டுவந்த பெரியம்மா. தம் அத்தாவின் குரலை அவர் நாற்பது ஆண்டுக்கு மேலாகக் கேட்டதில்லை. கேட்க முடியும் என்று நினைத்ததும் இல்லை. நாங்கள் ஹெட்போனை மாட்டிவிட்டு அறையைவிட்டு வெளியே வந்து உட்கார்ந்துகொண்டோம். அல்லாஹ் அந்தப் பெரியவரின் கப்ரை விசாலமாக்குவானாக.

நம்மில் பல குடும்பங்களில் இப்படிக் கடிதங்கள் போய்வந்திருக்கின்றன. ஊருக்குப் போகிறவர் கையில் ஒரு டூ இன் ஒன் இல்லாமல் போகமாட்டார். எம்.வி. சிதம்பரம் கப்பலில் போனாலும் விமானத்தில் போனாலும் அதுதான் முதல் சாமான். எழுதப் படிக்கத் தெரியாத மனைவிமார்களுக்கு அந்தப் பெட்டி தபால்காரர் வேலை பார்த்தது. மூன்றாம் ஆள் படித்துச் சொல்ல வேண்டியதில்லை. புதுக் கேசட் வாங்கக் காசு பார்த்தவர்கள் பாட்டுக் கேசட்டின் மேல்விளிம்பில் உள்ள இரண்டு பள்ளங்களையும் காகிதத்தால் அடைத்துவிட்டு அதன் மேலேயே பேசினார்கள். பதிவை அழியாமல் காப்பதற்காகத்தான் கம்பெனிக்காரர்கள் அந்த இரண்டு தகடுகளையும் உடைத்து விற்றார்கள். நம்மவர்கள் அதை அடைத்துக்கொண்டார்கள். ஆகவே "வெறும் பாட்டு" என்று எழுதியிருந்தால் நம்பாதீர்கள். பள்ளத்தில் காகிதமோ செல்லோடேப்போ தெரிந்தால், அந்தக் கேசட்டைத் தனியே எடுத்துவையுங்கள். அதில் யாரோ பேசியிருக்கிறார்கள்.

இதிலிருந்து எங்களுக்கு ஒரு வரிசை கிடைத்தது. உலகத்தில் ஒரே ஒரு பிரதி உள்ளது எதுவோ, அது முதலில். கடையில் வாங்கிய பாட்டும் படமும் கடைசியில். நேரம் இல்லாவிட்டால் அவற்றை விட்டேவிடலாம். பேசிய கடிதம், பிள்ளை ஓதியது, நன்னி பாடிய தாலாட்டு, வீட்டில் நடந்த மவ்லூது, கல்யாண வீடியோ, நம் சங்கத்தின் மீலாது மேடையில் யாரோ மடியில் ரிக்கார்டரை வைத்துப் பிடித்த பேச்சு, இவைதான் முதலில் வரவேண்டியவை. ஒலி மோசமாக இருக்கும். பின்னால் மின்விசிறி கரகரக்கும். அதனால்தான் யாரும் அதைக் காப்பி எடுக்கவில்லை, அதனால்தான் அது ஒன்றே ஒன்றாக இருக்கிறது.

ஏன் இப்போதே என்று கேட்பீர்கள். கேசட் நாடா என்பது பிளாஸ்டிக் ரிப்பன் மேல் பசையால் ஒட்டிய காந்தத் துகள்தான். நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டைச் சுற்றி இருக்கிறது. பசை ஈரத்தை இழுக்கும், பூஞ்சை பிடிக்கும். வீவக வீட்டின் ஸ்டோர் ரூமைவிட மோசமான இடம் கேசட்டுக்கு இல்லை. ஆனால் நாடாவைவிட ஓட்டும் பெட்டிக்குத்தான் ஆயுள் குறைவு. ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் வீடியோ டெக் தயாரிப்பதை நிறுத்தியது. விஎச்எஸ் டெக் செய்துகொண்டிருந்த கடைசி நிறுவனம் அது. 2019இல் யுனெஸ்கோவும் ஒலி, ஒளிக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமும் சேர்ந்து உலகத்துக்கே ஓர் எச்சரிக்கை விட்டன. 2025 வாக்கில் காந்த நாடாவிலிருந்து பதிவை எடுப்பது பல இடங்களில் முடியாமல் போகலாம் என்பது அதன் சாரம். அந்த ஆண்டும் வந்துவிட்டது. நாங்கள் பயன்படுத்தும் இரண்டு டெக்குகளும் பழைய சாமான் கடையில் வாங்கியவை. மூன்றாவதாக ஒன்றை உதிரிப் பாகத்துக்காகவே வைத்திருக்கிறோம்.

வேலை எப்படி என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம், விவரம் வேண்டுவோர் ஞாயிறு பிற்பகலில் வாருங்கள். கேசட் டெக்கிலிருந்து ஒரு கம்பி, நடுவில் ஒலியை எண்வடிவாக்கும் சின்னப் பெட்டி, அங்கிருந்து கணினி. ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம். முதல் பதிவை எம்பி3 ஆகச் செய்யாதீர்கள், வேவ் கோப்பாக வையுங்கள். 90 நிமிடக் கேசட் ஒன்று ஏறக்குறைய ஒன்றரை ஜிகாபைட் வரும். இன்றைய டிஸ்க்குகளுக்கு அது ஒன்றுமில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்ப அதிலிருந்து எம்பி3 எடுத்துக்கொள்ளலாம். குறுக்குவழி கிடையாது, 90 நிமிடக் கேசட்டுக்கு 90 நிமிடம் ஆகும். நாங்கள் எத்தனை கால்பந்தாட்டம் தவறவிட்டோம் என்று இளையவர் கணக்கு வைத்திருக்கிறார்.

இரண்டு நுணுக்கம் மட்டும் சொல்கிறோம், ஏனென்றால் இவை தெரியாமல் நல்ல நாடாவைக் கெட்டுப்போனது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். குரல் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் மங்கலாக வந்தால், பெரும்பாலும் நாடாவில் குறை இல்லை. பதிவு செய்த பெட்டியின் ஹெட் ஒரு கோணத்திலும் உங்கள் பெட்டியின் ஹெட் இன்னொரு கோணத்திலும் இருக்கிறது. ஹெட்டின் பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணி உண்டு. ஓடும்போதே அதை மெல்லக் கால் சுற்று திருப்பினால், 'ஸலாம்' என்பதன் 'ஸ' திடீரென்று பளிச்சென்று கேட்கும். முதல் தடவை அதைக் கேட்டபோது மூவரும் "மாஷா அல்லாஹ்" என்று கத்திவிட்டோம். இரண்டாவது, ஒலியே எழும்பாவிட்டால் கேசட்டுக்குள் பாருங்கள். நாடாவை ஹெட்டோடு அழுத்தும் நகக்கண் அளவு கம்பளித் துண்டு பசை விட்டு விழுந்திருக்கும். திருகாணி போட்ட வேறொரு கேசட் கூட்டுக்குள் நாடாவை மாற்றினால் சரியாகிவிடும்.

பூஞ்சை பிடித்ததை மட்டும் நீங்களாக ஓட்டாதீர்கள். இதை அனுபவித்துச் சொல்கிறோம். தொடக்கத்தில் ஒரு வீடியோ நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் படிந்திருந்ததைத் தூசு என்று நினைத்து டெக்கில் போட்டோம். அது ஹெட்டை அடைத்தது. சரியாகத் துடைக்காமல் அடுத்த குடும்பத்தின் நாடாவைப் போட்டோம். அது உள்ளே சிக்கிச் சுருண்டு, நிக்காஹ்வில் குத்பா ஓதும் இடத்தில் நான்கு நிமிடம் போயே போய்விட்டது. அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். மாப்பிள்ளையாக இருந்தவர், இப்போது அவர் நன்னா ஆகிவிட்டார், சிரித்துக்கொண்டே "கல்யாணம் செல்லுமா செல்லாதா, அதைச் சொல்லுங்க" என்றார். அவர் சிரித்தார் என்பதற்காக எங்கள் தவறு சின்னதாகிவிடாது. இப்போது ஒவ்வொரு நாடாவுக்கும் பிறகு ஹெட்டைத் துடைக்கிறோம், பூஞ்சை கண்டதைப் பைக்குள் கட்டித் தனியே வைத்து, அதற்கென்று இருக்கும் நிபுணர்களிடம் அனுப்பச் சொல்கிறோம்.

கடையில் கொடுத்துச் செய்தாலும் தப்பில்லை. ஆனால் ஒரு குடும்பம் தங்கள் பேரக்குழந்தையின் காது குத்து, பெயர் சூட்டு வீடியோவை ஒரு கடையில் கொடுத்தது. விசிடியாக வந்தது. "சத்தம் நல்லா இல்லைன்னு பாட்டுப் போட்டுருக்கோம்" என்று கடைக்காரர் சொன்னார். மறைந்துபோன மூன்று பேரின் பேச்சு அந்தப் பாட்டுக்குக் கீழே புதைந்துபோனது. மூல நாடா எங்கே என்று கேட்டால், அதை வீட்டிலேயே குப்பையில் போட்டாகிவிட்டது, டிஸ்க் வந்துவிட்டதே என்று. மூலத்தைத் தூக்கிப் போடாதீர்கள். கைவசம் உள்ள விசிடிகளையும் வட்டு என்று நம்பி விட்டுவிடாதீர்கள். வீட்டில் எழுதிய வட்டுகள் நாடாவுக்கு முன்பே போய்விடுகின்றன. அவற்றிலிருந்து கோப்பை நகலெடுப்பது ஐந்து நிமிட வேலை.

இனி எங்களுக்கு உண்மையிலேயே கடினமாக இருந்த விஷயத்துக்கு வருகிறோம். இது டெக்கையும் கம்பியையும் பற்றியதல்ல.

கல்யாண வீடியோவில் பெண்கள் பகுதி இருக்கிறது. அந்தக் காலத்தில் வீட்டுப் பிள்ளை எவராவது கேமரா பிடித்திருப்பார். மருதாணி போடுகிறார்கள், தலை முக்காடு நழுவியிருக்கிறது, சிரிக்கிறார்கள், கேலி செய்கிறார்கள். ஐந்து பேர் அமர்ந்து பார்க்க எடுத்த காட்சியை இன்று ஒரு விரல் அசைவில் ஐந்நூறு பேருக்கு அனுப்பிவிடலாம். அன்று அதில் இருந்த பெண்மணிகள் பலர் இன்று மௌத்தாகிவிட்டார்கள், அனுமதி கேட்க வழியில்லை. கணவன் மனைவிக்குப் பேசிய கடிதமும் அப்படித்தான். அது ஒருவர் காதுக்காகப் பேசியது.

இதைப் பற்றி எங்களுக்குள் கருத்து வேறுபாடு வந்தது, மறைக்கவில்லை. வரலாறு என்று ஒருவர் சொன்னார். அமானிதம் என்று ஒருவர் சொன்னார். கடைசியில் மாதர் பிரிவினர் சொன்னதை ஏற்றுக்கொண்டோம். பெண்கள் பகுதியைப் பெண் தொண்டர்களே பதிவு செய்கிறார்கள், அது தனிக் கோப்பாக அந்த வீட்டுப் பெண்களிடம் மட்டும் போகிறது, சங்கத்துக்குப் பிரதி கிடையாது. கடிதக் கேசட் என்று தெரிந்துவிட்டால், நாங்கள் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு முள் ஆடுவதை மட்டும் பார்த்துப் பதிவு செய்கிறோம். கேட்பதும் கேட்காததும், பிள்ளைகளுக்குக் கொடுப்பதும் குடும்பத்தின் விருப்பம். மேலே நாங்கள் சொன்ன அந்தப் பதினொரு நிமிடத்தைக் கூட, பெரியம்மாவின் சம்மதத்தோடுதான் இங்கே சொன்னோம். அவர் சொல்லச் சொன்ன அளவுதான் சொன்னோம்.

அடுத்தது பெயர். இதுதான் எல்லாவற்றையும்விட அவசரம். நாடா இன்னும் ஐந்து வருடம் தாங்கலாம். அதில் இருப்பவர் யார் என்று சொல்லக்கூடியவர் தாங்குவாரா என்பது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். தெளிவான படம், நல்ல ஒலி, பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள், ஒருவர் பெயரும் தெரியாது. இப்படிப்பட்ட கோப்புகள் எங்களிடம் இப்போதே சேர்ந்துவிட்டன. ஆகையால் பெட்டியைத் தேடுவதற்கு முன்னால் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஒவ்வொரு கேசட்டிலும் ஓர் எண் ஒட்டுங்கள். கோப்பின் பெயரும் அதே எண்ணில் தொடங்கட்டும். பிறகு தேதி: வருடம், மாதம், நாள் என்ற வரிசையில்.  மாதம் தெரியாவிட்டால் இரண்டு பூஜ்யம் போடுங்கள், ஊகித்து எழுதாதீர்கள். அடுத்து என்ன நிகழ்ச்சி, யார் வீடு. அவ்வளவு போதும். "புதுசு", "கடைசி", "கடைசி 2" என்றெல்லாம் பெயர் வைத்த கோப்புகளைப் பார்த்துப் பார்த்து எங்களுக்குத் தலைவலி.

மனிதர் பெயரை எழுதும்போது முறையோடு எழுதுங்கள். நம் குடும்பங்களில் நன்னா பெயரைப் பேரனுக்கு வைப்பதால் ஒரே வீடியோவில் ஒரே பெயரில் மூன்று பேர் இருக்கிறார்கள். "இன்னாரின் மகன், இன்ன ஊர், சாச்சா முறை" என்று எழுதினால்தான் பேரப்பிள்ளைக்குப் பிடிபடும். வீட்டில் கூப்பிட்ட பெயரையும் எழுதுங்கள். நாடாவில் எல்லோரும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

தேதி கண்டுபிடிப்பது ஒரு தனி விளையாட்டு. ஒரு நாடாவில் "நோன்புப் பெருநாள் 2000" என்று மட்டும் எழுதியிருந்தது. அந்த ஆண்டில் நோன்புப் பெருநாள் இரண்டு முறை வந்தது, ஜனவரி 8இலும் டிசம்பர் 27இலும். எது? வீடியோவில் மடியில் ஒரு குழந்தை. அந்தக் குழந்தை பிறந்தது ஜூனில். ஆக, டிசம்பர். இன்னொன்றில் கடைப் பலகையில் தொலைபேசி எண் ஏழு இலக்கத்தில் தெரிகிறது. 2002 மார்ச்சில்தான் நம் வீட்டு எண்களுக்கு முன்னால் 6 சேர்ந்தது, ஆக அந்தப் பலகை அதற்கு முன்னால் எழுதியது. பெரியவர்களை அருகில் உட்காரவைத்து ஓட்டிப் பாருங்கள், இதைவிட நன்றாகச் சொல்வார்கள். "இந்தப் புடவை உன் மாமி கல்யாணத்துக்கு எடுத்தது" என்ற ஒரு வார்த்தையில் வருடம் விழுந்துவிடும். அப்படி அவர்கள் பேசும்போது உங்கள் கைப்பேசியில் அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பிரதிகள் மூன்று இருக்கட்டும். ஒன்று வீட்டுக் கணினியில், ஒன்று தனி டிஸ்க்கில், ஒன்று வேறு வீட்டில். நம்மில் பலருக்கு ஊரில் தம்பியோ தங்கையோ இருப்பதால் மூன்றாவதற்கு இடம் தேட வேண்டியதில்லை. அவர்களுக்கும் அது சந்தோஷம். டிஸ்க்கை எழுதி அலமாரியில் வைத்து மறந்துவிடக் கூடாது. நோன்புக்கு முன்னால் ஷஅபானில் வீடு துடைக்கிறோமல்லவா, அந்த வாரத்தில் எடுத்து மாட்டிப் பாருங்கள், நாலு கோப்பைத் திறந்து பாருங்கள். நோட்டின் ஒரு நகலும் டிஸ்க்கோடு இருக்கட்டும்.

இளையவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் போன வாரம் எடுத்த வீடியோ வாட்ஸ்அப்பில் போகும்போது சுருங்கித்தான் போகிறது. குடும்பக் குழுவில் வந்ததைச் சேமித்துவைத்து அதுதான் அசல் என்று நினைக்காதீர்கள். எடுத்தவரிடம் மூலத்தைக் கேட்டு வாங்குங்கள். கைப்பேசி மாற்றும்போது பெருநாள் படங்கள் எல்லாம் போய்விட்டன என்று சொல்பவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். எங்கள் மூவரில் ஒருவரும் அதில் உண்டு.

நேரம் முடிந்துவிட்டது என்று செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஒரே ஒரு வேண்டுகோள். நம் சங்கத்தின் பழைய அலமாரியில் கிடைத்த ஒரு கேசட்டில், பிள்ளைகளுக்கான கிராஅத் போட்டி பதிவாகியிருக்கிறது. மேலே எதுவும் எழுதவில்லை. பெயர் வாசிக்கும் இடமெல்லாம் கைதட்டலில் அமுங்கிவிட்டது. ஒன்பது பிள்ளைகள் ஓதுகிறார்கள். ஐந்தாவது பிள்ளை நடுவில் மறந்துபோய் நிற்கிறது. கூட்டத்திலிருந்து ஒரு பெண்குரல், தாயாகத்தான் இருக்க வேண்டும், அடுத்த வார்த்தையை மெல்ல எடுத்துக் கொடுக்கிறது. பிள்ளை தொடர்ந்து ஓதி முடிக்கிறது. அந்தப் பிள்ளைக்கு இப்போது நாற்பது, ஐம்பது வயது இருக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு பின் அறையில் அதை ஓட்டுவோம். நாற்காலி போட்டிருக்கிறோம், நோட்டும் பேனாவும் மேசையில் இருக்கின்றன. யார் குரல் என்று தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள்.

வஸ்ஸலாம்.